ஆம்ப்ளிஃபயர் வாங்கும் முன் கதவைத் தட்டிப் பாருங்கள்

காரில் ஆம்ப்ளிஃபயர் (ஸ்டீரியோவின் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) பொருத்தலாமா என்று கேட்பவர்களில் பலருக்கு ஆம்ப்ளிஃபயரே தேவையில்லை. தேவைப்படுகிறவர்களுக்கும், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் சாமான் கடைகளில் முதலில் மேசைமேல் எடுத்து வைக்கப்படும் பெட்டி பெரும்பாலும் தேவையில்லை. கையில் இருக்கும் முப்பதாயிரம் ரூபாயை ஒரே சாமானில் கொட்டுவதா, நான்கு இடத்தில் பிரித்துச் செலவழிப்பதா என்பதுதான் கேள்வி. நான் இரண்டாவது கட்சி.

முதலில் உங்கள் குறை என்ன என்று தெளிவாக வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி. விசிறியை மூன்றில் வைத்துப் போகும்போது பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்பது ஒரு குறை. ஒலியைக் கூட்டினால் கேட்கிறது, ஆனால் பாடகரின் குரல் கரகரத்துக் காதைக் குத்துகிறது என்பது இன்னொன்று. குரலும் வயலினும் சரியாக இருக்கின்றன, மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தில் விழுந்த அடி மட்டும் எங்கே போயிற்று என்று தேடுவது மூன்றாவது. முதல் இரண்டும் ஸ்பீக்கரிலோ, கதவிலோ, ஆம்ப்ளிஃபயரிலோ தீரலாம். மூன்றாவது ஓரளவுக்குக் கதவில் தீரும். முழுதாகத் தீர சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் வேண்டும். எதற்காகப் போகிறோம் என்று தெரியாமல் கடைக்குள் நுழைந்தால், எது விற்காமல் கிடக்கிறதோ அது நம் காருக்குள் வந்து சேரும்.

அடுத்தது எண்கள். காரோடு வரும் ஸ்டீரியோவானாலும் சரி, வெளியே வாங்கும் ஸ்டீரியோவானாலும் சரி, நான்கு சேனலுக்கும் தலா 50 வாட் என்று எழுதியிருப்பார்கள். இந்த 50 எங்கிருந்து வருகிறது? என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். அதை அதாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் மின்தடையான 4 ஓமால் வகுத்தால் 51.8 வருகிறது. அதாவது, ஸ்டீரியோவில் உள்ள சிப் தன்னிடமுள்ள மின்னழுத்தம் மொத்தத்தையும் சதுர அலையாக, சிதைவின் உச்சத்தில் ஸ்பீக்கருக்குள் தள்ளினால் 50 வாட். அப்படி வருவதை யாரும் பாட்டு என்று சொல்லமாட்டார்கள். சிப்புக்குள் ஏற்படும் இழப்பு போக, 13 வோல்ட் உச்சமுள்ள சுத்தமான அலைக்குக் கணக்குப் போட்டால் 21 வாட்தான் தேறும். பெரும்பாலான ஸ்டீரியோக்களின் உண்மையான ஆர்.எம்.எஸ். திறன் (தொடர்ந்து தரக்கூடிய திறன்) 18 முதல் 22 வாட்டுக்குள் நிற்பதற்கு இதுவே காரணம். கார் மின்னழுத்தத்தை அப்படியே பயன்படுத்தும் வரை இதைத் தாண்ட வழியில்லை. தனி ஆம்ப்ளிஃபயர் செய்யும் முக்கியமான வேலை, அந்த மின்னழுத்தத்தை முதலில் உள்ளுக்குள் உயர்த்திக்கொள்வது. நாம் காசு கொடுப்பது அந்தச் சுற்றுக்குத்தான்.

தனி ஆம்ப்ளிஃபயரின் பெட்டி மட்டும் உண்மை பேசுகிறதா என்றால், அதுவும் இல்லை. "சார், இது 1200 வாட்" என்று ஒரு கடையில் காட்டினார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால், கருவியின் பக்கவாட்டில் 25 ஆம்பியர் பியூஸ் ஒன்று சொருகியிருந்தது. 25ஐ 14.4ஆல் பெருக்கினால் 360. உள்ளே போகும் மின்சாரமே 360 வாட். அதிலும் கிளாஸ் ஏ.பி. வகையென்றால் ஏறக்குறைய 40 சதவீதம் வெப்பமாகிவிடும். "உள்ளே 360 போய் வெளியே 1200 வருகிறதென்றால், இதை மின்வாரியத்துக்கல்லவா விற்க வேண்டும்?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, "எல்லாரும் பெட்டியில் இருப்பதைத்தானே சார் கேட்கிறார்கள்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே பெட்டியைப் படிக்காமல் பியூஸைப் படியுங்கள். சி.இ.ஏ. 2006 (இப்போது சி.டி.ஏ. 2006) என்ற அமெரிக்க அளவீட்டுத் தர முத்திரை இருந்தால், 14.4 வோல்ட்டில், 4 ஓமில், ஒரு சதவீதத்துக்கு மேல் சிதைவில்லாமல் அளந்த எண் அது, அதை நம்பலாம்.

இன்னொரு ஏமாற்றத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 20 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போனால் ஒலி இரண்டரை மடங்காகிவிடாது. கூடுவது 4 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. பின் 50 வாட் எதற்கு? தனி ஆவர்த்தனத்தில் சராசரி ஒலி 2 வாட்டில் போய்க்கொண்டிருக்கும். அதை முடித்துவைக்கும் தீர்மானத்தின் ஒரு அடி அதைப்போலப் பத்து மடங்கு கேட்கும். 20 வாட் ஸ்டீரியோ அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் சாலை இரைச்சலை மீறுவதற்காகச் சராசரியை 5 வாட்டுக்கு ஏற்றினால் அதே அடிக்கு 50 வாட் வேண்டும். ஸ்டீரியோவிடம் அவ்வளவு கிடையாது, அலையின் தலையை வெட்டிவிடும். கரகரப்பு என்று நாம் கேட்பது அந்த வெட்டைத்தான்.

இப்போது தலைப்பில் சொன்ன கதவு. முன்கதவின் வெளித்தகட்டை நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். 'டங்' என்று இழுத்தால், ஸ்பீக்கரோடு சேர்ந்து தகடும் பாடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உள்பக்க அட்டையைக் கழற்றினால் இன்னொன்று தெரியும்: உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள், மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கம் இழுக்கும் காற்றும் அந்த ஓட்டைகள் வழியாகச் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி காணாமல் போவது பெரும்பாலும் அங்கேதான். ஓட்டைகளை மூடி, வெளித்தகட்டின் உட்புறத்தில் டேம்பிங் ஷீட் (அதிர்வை அடக்கும் தாள்) ஒட்டினால், பழைய ஸ்பீக்கரே புதிதாக ஒலிக்கும். ப்யூட்டைல் ரப்பர் ஷீட்டாகக் கேட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று தார் கலந்த ஷீட்டை ஒட்டினால், மே மாத வெயிலில் அது இளகி, கார் முழுக்க ரோடு போடும் வாசனை வரும். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது. கண்ணாடி வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. வெளியேற வழியில்லாவிட்டால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

இதோடு முன்பக்கத்துக்கு ஒரு ஜோடி கம்பொனென்ட் ஸ்பீக்கர் (உயர்ந்த ஒலிக்குத் தனிச் சிறு ஸ்பீக்கர் சேர்ந்தது) மாற்றுவதுதான் முதல் வழி. வாங்கும்போது வாட்டைவிட டெசிபலை, அதாவது அதே வாட்டுக்கு எவ்வளவு ஒலி தருகிறது என்பதைக் கவனியுங்கள். 87 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால், ஆம்ப்ளிஃபயரின் திறனை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். அதுவும் ஒரு வயர்கூட பேட்டரியிலிருந்து இழுக்காமல். ஸ்பீக்கர், ஷீட், கூலி எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். நகருக்குள்ளேயே, அண்ணா நகரிலிருந்து நுங்கம்பாக்கம் என்ற அளவில் ஓட்டுகிறவருக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. சிக்னலில் நிற்கும் நேரமே அதிகம். அங்கே 20 வாட் தாராளம்.

இரண்டாவது வழி, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் கையடக்க ஆம்ப்ளிஃபயர். ஸ்டீரியோவின் கப்ளருக்கு (வயர்களை இணைக்கும் பிளக்) நடுவில் மாட்டினால் வேலை முடிந்தது, கம்பெனி வயர் எதையும் வெட்ட வேண்டாம், வாரண்டி பற்றிய தகராறும் குறைவு. இதன் எல்லையும் அந்த வசதிக்குள்தான் இருக்கிறது. மின்சாரம் ஸ்டீரியோவின் பழைய வயரிலிருந்தே வருகிறது. அதன் பியூஸ் 10 அல்லது 15 ஆம்பியர். 15 என்றே வைத்துக்கொண்டாலும் சுமார் 210 வாட் உள்ளே போகும்; குறைவாகச் சூடாகும் கிளாஸ் டி வகையில் 80 சதவீதம் வெளியே வந்தால் நான்கு சேனலுக்கும் தலா 40 வாட். 10 ஆம்பியர் என்றால் 28தான். ஸ்டீரியோவைவிட 3 டெசிபல் வரை கூடும். வாடகைக்கு விடும் காருக்கும், இரண்டு மூன்று ஆண்டில் விற்கப்போகும் காருக்கும் இதுவே பொருத்தம். கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

மூன்றாவது, டிக்கியில் வைக்கும் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் கடைகளில் வழக்கமாக இணைத்துத் தரும் விதத்துக்கு அல்ல. நான்கு சேனலையும் நான்கு கதவுக்குக் கொடுத்துவிடுவார்கள். பின்னிருக்கையில் யாருமே உட்காராத காரில் பின்கதவுக்கு 50 வாட் எதற்கு? முன் இரண்டு சேனலை முன்கதவு கம்பொனென்ட்டுகளுக்குக் கொடுங்கள். பின் இரண்டு சேனலை பிரிட்ஜ் முறையில் ஒன்றாக்கி, மூடிய சிறு பெட்டியில் இருக்கும் எட்டு அல்லது பத்து அங்குல சப்வூஃபருக்குக் கொடுங்கள். பின்கதவுகள் பழையபடி ஸ்டீரியோவிலேயே இருக்கட்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபர் எடுத்துக்கொண்டால் கதவு ஸ்பீக்கர்களின் பாரம் இறங்கிவிடுகிறது. குரலின் தெளிவு கூடுவது பாதி அதனால்தான்.

இதில் ஒரு ஓம் கணக்கு உண்டு. பிரிட்ஜ் செய்த சேனல்கள் பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களில் 4 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. இரட்டைக் காயில் சப்வூஃபர் வாங்கினால், இரண்டும் 2 ஓம் காயில்களாக இருக்க வேண்டும்; அவற்றைத் தொடராக இணைத்தால் 4 ஓம். இரண்டு 4 ஓம் காயில்களை வாங்கிப் பக்கமாக இணைத்தால் 2 ஓம் ஆகி, ஆம்ப்ளிஃபயர் கொதித்துப்போய்த் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமலே இதைச் செய்யலாம். ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபயர் என்றால் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும். ஸ்டீரியோ இயங்கும்போது அதன் ஸ்பீக்கர் வயர்களில் சுமார் 6 வோல்ட் எப்போதும் நிற்கும். பல ஆம்ப்ளிஃபயர்கள் அதை உணர்ந்து தாமாகவே விழித்துக்கொள்கின்றன, ஆன் செய்வதற்கென்று தனி ரிமோட் வயர் வேண்டியதில்லை. திரையிலேயே ரிவர்ஸ் கேமராவும் ஸ்டீயரிங் பொத்தான்களும் கோத்திருக்கும் இன்றைய கார்களில் ஸ்டீரியோவைக் கழற்றி வேறு ஆண்ட்ராய்டு திரை போடுவது, ஒலிக்காக மட்டும் என்றால், வீண் வேலை.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில கம்பெனி ஸ்டீரியோக்கள், சிறிய ஸ்பீக்கர்களைக் காப்பாற்றுவதற்காக, ஒலியைக் கூட்டக் கூட்ட பேஸைக் குறைத்துக்கொண்டே போகும். அந்தக் குறைபட்ட சிக்னலை எவ்வளவு பெருக்கினாலும் குறை குறைதான். அப்படிப்பட்ட காருக்கு டி.எஸ்.பி. (சிக்னலைக் கணக்கிட்டுத் திருத்தும் சிப்) உள்ள ஆம்ப்ளிஃபயர் வேண்டும். இதன் இன்னொரு பயன், ஸ்பீக்கர்களின் நேரத்தைச் சரிசெய்வது. ஓட்டுநருக்கு வலக்கதவு ஸ்பீக்கர் 80 சென்டிமீட்டரில் இருக்கிறது, இடக்கதவு 140இல் என்று வைத்துக்கொள்வோம். ஒலி ஒரு மில்லி நொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். வலப்பக்க ஒலி ஏறக்குறைய 1.75 மில்லி நொடி முன்னால் வந்து சேர்கிறது. கச்சேரி முழுவதும் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் நடப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். வலது ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தினால், பாடகர் டேஷ்போர்டின் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுவார். தினமும் தனியாக ஓட்டுகிறவருக்கு, வாட்டுக்குக் கொடுக்கும் காசைவிட இதற்குக் கொடுக்கும் காசு நன்றாகச் செல்லும். குடும்பத்தோடு போகும் காரில் பக்கத்து இருக்கைக்கு அதே அமைப்பு இன்னும் மோசமாகக் கேட்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, இருக்கைக்கு அடியில் வைக்கும் சப்வூஃபர். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே தட்டைப் பெட்டிக்குள். டிக்கி முழுக்க சி.என்.ஜி. சிலிண்டர் அடைத்திருக்கும் காருக்கு வேறு வழியே இல்லை. வயிற்றை உலுக்கும் பேஸ் வராது. தொப்பியின் அடி வரும். வாங்கும் முன் இருக்கைக்கு அடியில் எத்தனை சென்டிமீட்டர் இடமிருக்கிறது, பின்பக்க ஏ.சி. குழாய் அதன் வழியாகப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே மஞ்சள் நிறக் கப்ளர் தெரிந்தால் அது ஏர்பேக்குடையது. இக்னிஷன் போட்டிருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

பன்னிரண்டு அங்குலப் பெட்டியும் அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபயரும் ஐந்தாவது. ஆசைப்படுகிறவர்களிடம் வாதாடிப் பயனில்லை. ஆனால் விமான நிலையத்தில் மாமனாரின் இரண்டு பெட்டிகளை எங்கே வைப்பது என்று முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். தவிர, சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் பேட்டரி 35 ஆம்பியர் ஹவர்தான். கத்திப்பாரா சந்திப்பின் நெரிசலில் ஏ.சி.யும் ரேடியேட்டர் விசிறியும் ஓட, என்ஜின் ஐடிலில் இருக்கும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் தன் முழுத்திறனைத் தராது. அந்த நேரத்தில் பெரிய ஆம்ப்ளிஃபயர் கேட்பதை பேட்டரிதான் கொடுக்க வேண்டும். ஹெட்லைட் தாளத்துக்கு ஏற்ப மங்குவதைச் சிலர் பெருமையாகக் காட்டுவார்கள். பேட்டரிக்கு அது ஆயுள் குறையும் அடையாளம்.

எந்த வழியானாலும் வயரில் கஞ்சத்தனம் கூடாது. கடைகளில் கிட் என்று தருவது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். எட்டு கேஜ் சுத்தச் செம்பு வயரில் 5 மீட்டருக்கு 30 ஆம்பியர் போனால் 0.3 வோல்ட் இழப்பு. அலுமினியத்தில் அது 0.5ஐத் தொடும். கடலோரத்தில் வேறு பிரச்சினையும் சேர்கிறது: திருவான்மியூர், பெசன்ட் நகர் உப்புக்காற்றில் அலுமினிய முனைகள் வேகமாக அரிக்கப்படும். எர்த் வயரை பெயிண்ட் சுரண்டிய வெறும் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மாட்ட விடாதீர்கள். என்ஜின் பக்கம் போகும் வயருக்கு நெளிவுக் குழாய் கட்டாயம். நம் அடுக்குமாடிகளின் வண்டி நிறுத்துமிடப் பெருச்சாளிகளுக்கு நல்ல செம்பும் கெட்ட செம்பும் ஒன்றுதான்.

ஆம்ப்ளிஃபயரை எங்கே வைப்பது என்பதில் சென்னைக்காரருக்குத் தனிக் கணக்கு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் கார்களுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள், மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை நிறுத்தப் போகிறார்கள். தண்ணீர் முதலில் தொடுவது இருக்கைக்கு அடியையும் ஸ்டெப்னிக் குழியையும்தான். குழிக்குள் ஆம்ப்ளிஃபயரை மறைத்து வைப்பது பார்க்க அழகு. இந்த ஊருக்கு ஆகாது. பின்னிருக்கையின் முதுகில் ஒரு பலகை அடித்து அதில் பொருத்துங்கள். காற்றோட்டமும் கிடைக்கும், வெயிலில் நின்ற காரின் உட்புறம் 60 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அது முக்கியம். கம்பளத்துக்கு அடியில் புதைத்த ஆம்ப்ளிஃபயர் மே மாத மதியத்தில் பாதிப் பாட்டில் வாயை மூடிக்கொள்ளும். இருக்கைக்கு அடியிலான சப்வூஃபருக்கு இங்கே ஒரு சலுகை உண்டு: கப்ளரைப் பிடுங்கினால் பெட்டியைக் கையோடு மாடிக்குக் கொண்டுபோய்விடலாம்.

முகலிவாக்கத்திலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ தினமும் சிறுசேரிக்கு ஓட்டுகிறவர் முதலில் கதவையும் முன் ஸ்பீக்கரையும் முடித்துவிட்டு, ஒரு மாதம் கேட்டுப் பார்த்து, பிறகும் கரகரத்தால் நான்கு சேனலுக்குப் போகலாம். அந்த வரிசையில் செய்தால் முதலில் செலவழித்த காசு எதுவும் வீணாகாது. தலைகீழாகச் செய்தால், 50 வாட் கிடைத்த கம்பெனி ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்து, எப்படியும் ஸ்பீக்கர் வாங்க மறுபடி அதே தெருவுக்குத்தான் போக வேண்டும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் மூன்று காரியம். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் பியூஸ் இருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள். டிக்கியில் இருக்கும் பியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றும், நடுவில் உரசித் தீப்பிடிக்கும் வயரைக் காப்பாற்றாது. கெய்ன் திருகை யாரும் கடைசிவரை திருகி வைத்திருக்கக் கூடாது. அது ஒலிக் கட்டுப்பாடு அல்ல, ஸ்டீரியோவின் சிக்னலோடு ஒத்துப்போக வைப்பதற்கானது. ஸ்டீரியோவின் ஒலியை முக்கால் பங்கில் வைத்து, கெய்னை அடியிலிருந்து கூட்டிக்கொண்டே வந்து, கரகரப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு என்ஜினைப் போட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதியுங்கள். என்ஜின் வேகத்தோடு ஸ்பீக்கரில் ஒரு கீச்சுக்குரல் ஏறி இறங்கினால் எர்த் சரியில்லை. "ஃபில்டர் போட்டால் போய்விடும் சார்" என்பார்கள். ஃபில்டர் வேண்டாம், எர்த்தைக் கழற்றி மறுபடி மாட்டித் தாருங்கள் என்று கேளுங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள்: வெளியே பொருத்திய மின்சாமான்களைக் காப்பீட்டில் தனியாகச் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் வெள்ளத்திலோ திருட்டிலோ போகும்போது அவற்றுக்குப் பணம் வராது.